இரவல் பெட்டரி

தவமணி பீலியில் பிடித்து வந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது டீவி மேசைக்கு அடியில் ஒரு பெட்டரி இருந்தது. அப்பா பக்கத்தில் குந்தி அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள வந்திருச்சா?" என்றாள். கேட்ட பிறகுதான் தன் குரலில் இருந்த அவசரம் அவளுக்கே தெரிந்தது.

சந்தனம் கங்காணி திரும்பிப் பார்க்கவில்லை. "எது?"

"நம்ம பெட்டரி."

"இது நம்மளுது இல்ல. டிரெக்டர் பெட்டரி. டிரெக்டர் ஓட்டுற அந்தோணிகிட்ட இரவல் கேட்டு வாங்கியாந்தேன்."

"எதுக்குப்பா? நம்மளுது மத்தியானம் வந்திரும்ல?"

"வராட்டி? இன்னைக்கி கடைசி நாடகம். லயமே வந்து குந்தியிருக்கையில வெறும் பொட்டியவா காட்டுறது?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வருதே. என்னைக்கி வராம இருந்திச்சு?"

கங்காணி இப்போது திரும்பினார். மகளின் முகத்தில் எதையோ தேடுகிறவர்போல நின்று பார்த்தார். "வர்றதுல ஒனக்கு என்னா அக்கறை? போ, சோத்தப் பாரு."

குசினியில் அம்மா வெள்ளையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் வந்து நின்றதும் குரலைத் தணித்துக்கொண்டாள். "வெள்ளனயே போயிட்டாருடி. மூஞ்சிகூட கழுவல. ஞாயித்துக்கெழம அந்தோணி எந்திரிக்கிற நேரமா அது? கதவத் தட்டி எழுப்பியிருக்காரு."

தவமணி அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை எதற்கு ஊதுகிறாள் என்று தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹந்தானை மலைப்பக்கத்துத் தோட்டம் அது. கீழே கண்டி டவுன் வெளிச்சமாகக் கிடக்கும். மேலே தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு அந்த வெளிச்சம் இன்னும் ஏறி வரவில்லை. வடக்கில் சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த வருடம். டவுனுக்கு இறங்குகிற ரோட்டின் அடியில் ஒரு சாவடி போட்டிருந்தார்கள். தமிழில் பேசுகிற யாரும் அங்கே பையைத் திறந்து காட்ட வேண்டும்.

தோட்டத்தில் ஒரே ஒரு டீவி, அது கங்காணி வீட்டில்தான். கார் பெட்டரியில் ஓடும். ஒரு வாரம் ஓடினால் செத்துவிடும். சனிக்கிழமை அதைச் சாக்கில் போட்டு, தலையில் வைத்து, டவுனில் மடவளை றவூப் நானாவின் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, ஞாயிறு மத்தியானம் மலையேற்றிக் கொண்டுவருவது கீழ்லயத்துச் சின்னமுத்துவின் வேலை. கூலி கிடையாது. அதற்குப் பதிலாகக் கீழ்லயத்து ஆட்கள் டீவி பார்க்கலாம்.

பார்க்கலாம் என்றால் வீட்டுக்குள் இல்லை. மேல்லயத்துக் குடியானவர்கள் காம்பராவுக்குள் பாய் போட்டு உட்காருவார்கள். கீழ்லயத்து ஆட்கள் வெளியே, கம்பி ஜன்னலுக்குக் கீழே, சாக்கடைக் கானுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று பார்ப்பார்கள். தேத்தண்ணி கொடுத்தால் ஜன்னலோரம் ஆணியில் தொங்குகிற தகரக் குவளையில் கொடுப்பார்கள். பெட்டரிக்கும் ஒரு முறை இருந்தது. சின்னமுத்து அதை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். வெள்ளையம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகு கங்காணி அதை உள்ளே தூக்கிப் போவார். பெட்டரித் தலையில் மாட்டுகிற வயர்க் கவ்வியில் துருப்பிடிக்கத் தொடங்கிய பிறகு சாக்கின்மேல் மட்டும் தெளித்தார்கள். முறையை மட்டும் விடவில்லை.

நாடகம் இந்தியாவில் ஏதோ ஒரு கிராமத்துக் கதை. பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி, அந்த வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்கிற பையனை விரும்பிவிடுகிறாள். முதல் வாரங்களில் காம்பராவுக்குள் ஒரே ஏச்சு. "கொழுப்பெடுத்த கழுத," என்பாள் பக்கத்து வீட்டுச் செவனம்மா. "திங்கிறது செரிக்காம திரியிறா." கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். ஜன்னலுக்கு வெளியே சத்தம் இருக்காது. அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை சொன்னால் அது யார் சொன்ன வார்த்தை என்று அடுத்த நாள் விசாரணை வரும் என்று வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

போகப் போக, அண்ணன்மார் அந்தப் பெண்ணை அறையில் போட்டுப் பூட்டிய பிறகு, உள்ளே மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கத் தொடங்கியது. செவனம்மா, "பாவம்டி, சின்னப் புள்ள," என்றாள். இன்னொருத்தி, "விரும்பினவனுக்குக் கட்டிக் குடுத்தா என்னா கொறஞ்சிருமாம்?" என்றாள்.

அந்த வார்த்தைக்காகத்தான் தவமணி காத்திருந்தாள்.

அவள் வேலை பிள்ளைக் காம்பராவில். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளை மேல்லயம் கீழ்லயம் பார்க்காமல் ஒரே தொட்டிலில் போட்டு ஆட்டுகிறவள். சின்னமுத்து தன் அக்காவின் பிள்ளையைத் தினமும் அங்கே கொண்டுவந்து விடுவான். டவுனில் போய்க் கல்யாணத்தைப் பதிந்துகொள்வோமா என்று அவன் கேட்டு மூன்று மாதமாகிறது. "நாடகம் முடியட்டும்," என்றாள் அவள். "இவங்க என்னா சொல்றாங்கன்னு பார்ப்போம். அந்தப் புள்ளைக்கி அழுதாங்கன்னா நமக்கும் கொஞ்சம் எரங்குவாங்க."

அதனால் அவள் நாடகத்தைவிட, பார்க்கிறவர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கண்ணைத் துடைக்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று. நடுநடுவே ஜன்னல் பக்கமும் கண் போய் வந்தது. கங்காணியும் சில வாரங்களாக டீவிக்கு நேரே உட்காருவதில்லை. சுவரோரம் பக்கவாட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு, மகளின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இது அவளுக்குத் தெரியாது.

மத்தியானம் போய் மூன்று மணி ஆனது. சின்னமுத்து வரவில்லை. வந்தது றவூப் நானா. பழைய மோட்டார் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பின்னால் சின்னமுத்துவின் தாய் காளியாயி ஓடி வந்து கானுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"சந்தனம் அண்ணன், ஒங்கட பெட்டரி கொண்டு வாற பொடியன பத்து மணிக்கிச் சாவடியில புடிச்சிட்டாங்க."

"புடிச்சிட்டாங்களா?" என்றார் கங்காணி. "எதுக்கு?"

"எதுக்கா? சாக்குல பெட்டரி ஈக்கி, வயர் ஈக்கி. தமிழ்ப் பொடியன். இந்தக் காலத்தில வேற என்னத்த வேணும்? குண்டு செய்யப் போறானெண்டு சாதிக்கிறாங்க. ஒரு நாளும் அவன் வயர் கொண்டு வாறல்ல. நேத்துத்தான் தந்தான். கவ்வி துரு புடிச்சிட்டு, மாத்தியாங்கண்டு நீங்க செல்லி அனுப்பினதாம். மாத்திக் குடுத்தன். நாந்தான் மாத்தினனெண்டு போய்ச் சென்னன். என்னயும் ஏசிப் போட்டாங்க. பெட்டரிக்குச் சொந்தக்காரன் வந்து செல்லட்டாம்."

தவமணி மேசைக்கு அடியில் பார்த்தாள். இரவல் பெட்டரியின் தலையில் புதிய கவ்விகள் இரண்டு, புதிய வயரோடு, பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டீவியின் பழைய வயர் நேற்றுவரை இந்த வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

"இன்னொண்டும் செல்றன்," என்றார் றவூப் நானா, குரலை இறக்கி. "அவங்க எல்லாரையும் செக் பண்ணல்ல. அவன் வாற வரைக்கும் பார்த்திட்டு நிண்டிருக்காங்க. யாரோ செல்லி வெச்சிருக்கான்."

கங்காணியின் கை மீசைக்குப் போனது. "யாருக்குத் தெரியும் நானா. இந்தப் பயலுக எங்க எங்க போறானுக, யார் யாரோட சேர்றானுகன்னு. நம்ம பெட்டரியத்தான் சுமக்குறான்னு நாம நெனக்கிறோம்."

காளியாயி கானைத் தாண்டி ஒரு அடி வைத்தாள். வைத்த காலை உடனே இழுத்துக்கொண்டாள். "கங்காணிங்க, ஒரு வார்த்தைங்க. அது எங்க வீட்டுப் பெட்டரின்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. எம்புள்ள வேற ஒண்ணும் அறியாதவன்."

"ஆறு மணிக்கு லொறியில ஏத்தி வேற எங்கயோ கொண்டு போறாங்களாம்," என்றார் றவூப் நானா. "ஏத்தினாங்கண்டா பொறகு எங்க ஈக்காண்டு தேடவும் ஏலாது. நான் கண்ட கதையத்தான் செல்றன். என்ட தெருவிலயே ரெண்டு பேர் போனவங்க, இன்னும் வரல்ல."

"சரி, சரி. போவோம். போகாம விடுவோமா?" கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்தா, நாலரைக்கி நாடகம். எல்லாரும் வந்திருவாங்க. வந்தவங்கள வெச்சிட்டு வீட்டுக்காரன் கெளம்புறது மொறையில்ல. அது முடிஞ்ச கையோட போவோம்."

"நாடகமாங்க?" என்றாள் காளியாயி. அவளுக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை. "எண்பத்தி மூணுல லயத்துக்கு நெருப்பு வெக்க வந்தப்ப ஒங்க குடும்பமே எங்க காம்பராவுலதான படுத்தீங்க? எங்க சட்டியில ஆக்குனததான தின்னீங்க? அன்னைக்கி நான் மொறை பார்த்தனா?"

"ஏய், வாய அடக்கு. அது வேற, இது வேற," என்றார் கங்காணி.

அவள் அடங்கினாள். ஜன்னலுக்குக் கீழே கானோரம் குந்திக்கொண்டாள். றவூப் நானா போகவில்லை. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேல்லயத்து ஆட்கள் அவர்களைக் கடந்துதான் உள்ளே போனார்கள். சின்னமுத்துவைப் பிடித்த செய்தி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "ஐயோ, அப்படியா," என்று கேட்டுக்கொண்டே இடம் பிடித்தார்கள். கேட்கிற கேள்வியிலேயே ஒரு விலகல் இருந்தது. அவனைப்பற்றிக் கூடக் கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

"அவனுக்குள்ள என்னா இருக்குன்னு யாரு கண்டா?" என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தான்.

"இருக்கும், இருக்கும். கொஞ்ச நாளா தலைய நல்லா வாரிக்கிட்டுத் திரிஞ்சான்."

"தல வாருனா புலியாடா?"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாடகம் தொடங்கியது.

அன்று ஜன்னலில் கீழ்லயத்து முகம் ஒன்றுகூட இல்லை. வெறும் கம்பிதான். காம்பராவுக்குள் வழக்கத்தைவிட வெளிச்சமாக இருந்தது.

நாடகத்தில் அந்தப் பெண் பூட்டை உடைத்துக்கொண்டு ஓடினாள். வாழைத்தோட்டத்துக்குள் தகப்பன் வழி மறித்தான். கையில் அருவாள். பெண் ஓடவில்லை. "அப்பா" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான். காம்பரா உடைந்துவிட்டது.

"நாசமாப் போவான்! கட்டையில போவான்!" செவனம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "பெத்த புள்ளடா அது! கூப்புடுறாடா ஒன்னய!"

"கை அழுகிப் போகும் இவனுக்கு."

"அருவாளப் புடுங்குறதுக்கு அந்த ஊருல ஒருத்தன்கூட இல்லியா? எல்லாம் என்னா பார்த்திட்டு நிக்கிறானுக?"

கங்காணி துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "மிருகம்," என்றார். "கை எப்படி வந்திச்சு இவனுக்கு? பெத்தவனா இவன்? நானெல்லாம் சாகுற மட்டும் எம்மவள ஒரு அடி அடிப்பேனா, கேளுங்க."

அவர் பொய்யாக அழவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் அருவாள் தூக்கவில்லை. மகள்மேல் விரல்கூட வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை டவுனில் இருந்து திரும்பும்போது சாவடியில் நின்ற பொலிஸ் ராலஹாமிக்கு ஒரு பீடி கொடுத்தார். தனக்கும் ஒன்று பற்ற வைத்துக்கொண்டார். எங்கள் மலையில் ஒரு பொடியன் ஞாயிறுதோறும் சாக்கில் பெட்டரியும் வயரும் சுமந்து திரிகிறான், எதற்கென்று எனக்குத் தெரியாது, உங்கள் காதில் போட்டுவைக்கிறேன் என்றார். பீடி முடிவதற்குள் கதை முடிந்துவிட்டது. காலம் அப்படி இருந்தது. அருவாளைத் தீட்ட வேண்டிய தேவையில்லை. அதற்காக அரசாங்கமே ஆள் போட்டுச் சம்பளம் கொடுத்து, ரோட்டில் நிறுத்தி வைத்திருந்தது.

துண்டை இறக்கியபோது கங்காணி ஒன்றைக் கவனித்தார். காம்பராவே அழுகிறது, தவமணி அழவில்லை. அவள் டீவியையும் பார்க்கவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

தகப்பன் அருவாளை ஓங்கினான். அந்த நேரத்தில் தவமணி எழுந்து, குந்தியிருந்தவர்களின் முழங்கால்களை விலக்கிக்கொண்டு போய், மேசைக்கு அடியில் குனிந்தாள். படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்தது.

"ஐயய்யோ, பெட்டரி போச்சு!"

"யாருப்பா அது, வெட்டுற நேரத்தில!"

"பெட்டரி போகல," என்றாள் தவமணி. கவ்வி அவள் கையில் இருந்தது. "நான்தான் கழட்டுனேன். அப்பா, இந்தப் பெட்டரிய எப்பப் போய் வாங்குனீங்க?"

"என்னா பேச்சு இது? மாட்டு அத."

"வெள்ளன வாங்குனீங்க. மூஞ்சி கழுவ முந்தி. அவனப் புடிச்சது பத்து மணிக்கி. நம்ம பெட்டரி வராதுன்னு ஒங்களுக்கு அதுக்கு முந்தியே எப்படிப்பா தெரியும்?"

வெள்ளையம்மா குசினி வாசலில் வந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அப்போது அவளுக்கு விளங்கிவிட்டது.

"வயர சாக்குல போட்டுக் குடுத்தது யாரு?" தவமணியின் குரல் உயரவில்லை. பிள்ளைக் காம்பராவில் தூங்குகிற பிள்ளைகளுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. "சரி, அது போகட்டும். பெட்டரி நம்ம வீட்டுதுன்னு போய்ச் சொன்னா அவன விட்டிருவாங்க. யாரு வர்றீங்க? செவனம்மா அத்தை, நீங்க வர்றீங்களா? இப்பக் கேட்டீங்களே, அருவாளப் புடுங்க ஒருத்தன்கூட இல்லியான்னு."

செவனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த முந்தானையை இறக்கவில்லை. "எனக்கு சிங்களம் வராதே, தாயி."

"மாமா, நீங்க?"

"அது... பொலிசு விசயம். தலைவருகிட்ட சொல்லி, நாளைக்கி ஆபீசுல வெச்சிப் பேசிக்கலாம்."

பின்னால் இருந்து ஒரு குரல் கெஞ்சலாகவே வந்தது. "புள்ள, கவ்விய மாட்டிட்டுப் பேசேன். அவ செத்தாளா பொழச்சாளான்னு பார்த்திருவோம்."

தவமணி கவ்வியைக் கீழே வைத்தாள். கங்காணி எழுந்து வாசலை மறித்து நின்றார். "வாசப்படியத் தாண்டுனா அப்படியே போயிரு. இந்த வீட்டுக்கு மக இல்லன்னு நெனச்சிக்கிறேன்."

"சத்தமா சொல்லுங்கப்பா," என்றாள். "எல்லாரும் பார்த்திட்டுத்தான் இருக்காங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். டீவி அணைந்திருந்ததால் காம்பராவில் இருந்த எல்லாக் கண்களும் அவர்மேல் இருந்தன. இன்னும் ஈரம் காயாத கண்கள். அவருடைய தோள் தானாகவே ஒரு பக்கம் ஒதுங்கியது. குசினி வாசலில் நின்ற வெள்ளையம்மா ஓடிவந்து, தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மகளின் மேல் போட்டாள்.

வெளியே காளியாயி எழுந்து நின்றாள். தவமணி கானைத் தாண்டி அவள் பக்கம் வந்ததும் இரண்டு அடி பின்னால் போனாள்.

"நீ எதுக்கு வர்ற? ஒங்கப்பன் அனுப்புனானா? அங்க வந்து வேற ஏதும் சொல்லவா?"

"இல்லங்க அத்தை."

அத்தை என்ற சொல்லைக் காளியாயி நம்பவில்லை. முன்னால் நடந்தாள். அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

றவூப் நானா மோட்டார் சைக்கிளை இறக்கத்தில் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். "கெதியா நடங்க. ஆறுக்கு இன்னும் நேரம் ஈக்கி. புள்ள, சிங்களத்தில செல்லணும். தமிழ்ல சென்னா கேக்க மாட்டாங்க. மே பெட்டரிய அபே. இந்தப் பெட்டரி எங்கட."

"மே பெட்டரிய அபே," என்றாள் தவமணி.

"சரி. பயப்படாம செல்லு."

தேயிலைக்கு நடுவே ரோடு வளைந்தது. அந்த வளைவில் அவள் நின்றாள்.

"நானா, வயர் குடுத்தது அப்பான்னு எப்படிச் சொல்றது?"

றவூப் நானா மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பிடித்தார். "அது வாணாம் புள்ள. ஒண்ட வாப்பாவயும் உள்ளுக்குப் போட்டிருவாங்க. பெட்டரி எங்கட எண்டு மட்டும் செல்லு. போதும்."

"வயர் எதுக்குன்னு கேப்பாங்க. யாரு குடுத்தான்னு கேப்பாங்க. அந்த எடத்தில நான் வாய மூடிக்கிட்டா அவனத்தான் ஏத்துவாங்க. சொல்லிக் குடுங்க."

முன்னால் போன காளியாயி நின்றுவிட்டாள். இந்த முறை அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கேள்வி இல்லை. பின்னால் நடந்து வந்து தவமணியின் பக்கத்தில் நின்றாள்.

றவூப் நானா கொஞ்ச நேரம் கீழே தெரிந்த டவுனைப் பார்த்தார். "வயரெக்க துன்னே தாத்தா," என்றார் மெல்ல. "அப்பாவத்தான் அவங்க தாத்தாண்டு செல்றது."

"வயரெக்க துன்னே தாத்தா."

"ஓ. அப்படித்தான்."

அப்போது மேலே கங்காணி வீட்டில் இருந்து சத்தம் வந்தது. யாரோ கவ்வியை மாட்டிவிட்டார்கள். கம்பி ஜன்னலில் நீல வெளிச்சம் துடித்தது. கூட்டமாக ஒரு அழுகை கிளம்பி, மலைச்சரிவு முழுக்கப் பரவிக் கீழே இறங்கியது. மார்பில் அடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"யாருக்கு இப்படி அழுவுறாங்க?" என்றாள் காளியாயி.

"நாடகத்துப் புள்ளைக்கி," என்றாள் தவமணி. "வெட்டிட்டாங்க போல."

இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். இரண்டு வாக்கியங்களையும் மறந்துவிடாதபடி தவமணி வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்.